நடுவில் நின்ற பிள்ளை

கூட்டத்தில் தொலைந்துபோனால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று உங்கள் பிள்ளைக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? என் வயதுக்காரப் பெண்களைத்தான் கேட்கிறேன். கரண்ட் போன சாயங்காலங்களில் தெருவிலும் மைதானத்திலும் வளர்ந்து, இப்போது கையில் ஒரு சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிற நம்மைப் போன்றவர்களை. நான் பலரிடம் கேட்டுவிட்டேன். போலீஸ்காரரிடம் போகச் சொல்லியிருப்பதாக ஒருத்தி சொன்னாள். கைப்பிள்ளையோடு நிற்கிற ஒரு அம்மாவாகப் பார்த்துப் போகச் சொல்லியிருக்கிறேன் என்றாள் இன்னொருத்தி. கேட்கும்போது எல்லாமே சரியாகப் படுகிறது. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது எல்லாமே தப்பாகப் படுகிறது.

என் மகளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூட லீவுக்கு அவளை ரயிலில் அழைத்துப் போக வேண்டியிருந்தது. சட்டைப் பையில் போன் நம்பரை எழுதி வைத்தால் போதும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். எனக்குப் போதவில்லை. எனக்கு விடை தெரியாமல் இல்லை, இரண்டு விடைகள் தெரியும் என்பதுதான் சிக்கல். ஒன்று அம்மா சொன்னது. மற்றது பின்வீட்டு அத்தையிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. அந்த இரண்டாவது விடையால்தான் அத்தை எங்களுக்கு இல்லாமல் போனாள்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் எங்கள் ஊரான கோவில்பட்டியிலேயே ஒரு பலசரக்குக் கடைக்காரரின் மகள். கடைக்குப் பின்னாலேயே வீடு. கல்யாணம் ஆகும் வரைக்கும் அவள் கடைத்தெருவைப் பார்த்ததெல்லாம் வத்தல் மூடைக்கும் புளிச் சிப்பத்துக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகத்தான். அதனாலோ என்னவோ, அவளுக்கு ஊர் என்றால் ஓரம். எந்த வெட்டவெளியையும் அவள் குறுக்கே கடந்து நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவையடுத்த மைதானத்தின் ஊடே நடந்தால் கோயில் பக்கம். அவள் மதிலை ஒட்டி முழுக்கச் சுற்றித்தான் போவாள். வெயில் நேரத்தில் எனக்குக் கால் பொசுங்கும். கேட்டால், நிழலாக இருக்கிறது என்பாள். நிழல் இல்லாத பக்கத்திலும் அப்படித்தான் போனாள்.

வெளியே போனால் என் கையைப் பிடிக்க மாட்டாள், மணிக்கட்டைப் பிடிப்பாள். கை நழுவும், மணிக்கட்டு நழுவாது என்பது அவள் கணக்கு. வளையல் அழுந்தி எனக்கு எப்போதும் ஒரு சிவந்த தடம் இருக்கும். ஒருவேளை நழுவிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லி வைத்திருந்தாள்.

“ஓரமா ஏதாவது கடை வாசல்ல போயி நில்லு. கடைக்காரவிய யாரு வீட்டுப் புள்ளன்னு கேப்பாவ. அப்பா பேரச் சொல்லு.”

இதை நான் இப்போது கேலியாகச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர், முன்னால் அப்பாவைத் தெரிந்த ஒரு அண்ணாச்சி. இந்த இரண்டும் இருந்தால்தான் அது அவளுக்கு மனிதர் நிற்கிற இடம். அப்பா தினமும் டீக்கடை பெஞ்சில் காலை அகட்டிப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அம்மா அந்த ஊரில் வெளியிடம் என்று உட்கார்ந்தது கோயில் பிரகாரத்திலும் பஸ்ஸிலும், பிறகு தினமும் கரண்ட் போன ஒரு கோடையில் மைதானத்து மதிலோரத்திலும்தான்.

அந்தக் கோடையில் நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். மழை பொய்த்த வருஷம். நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கிற குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் ஆடுகளை விற்றுவிட்டு, தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றும் வேலைக்கு வந்தார். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எங்கள் வீட்டின் பின்கட்டை அவருக்கு வாடகைக்கு விட்டார் அப்பா. அவருடைய மனைவிதான் எனக்குப் பின்வீட்டு அத்தை. இரண்டு குடங்கள், தவழ்கிற வயதில் ஒரு பையன், ஒரு கருப்புக் கம்பளி. அவ்வளவுதான் சாமான். இப்போது எனக்கு இருக்கிற வயது அப்போது அவளுக்கு இருந்திருக்காது. அன்றைய அவள் இன்று வந்து நின்றால் எனக்குத் தங்கை போல இருப்பாள்.

சாயங்காலம் ஆனதும் கரண்ட் போய்விடும். வீட்டுக்குள் இருக்க முடியாது. தெருவே மைதானத்துக்குப் போகும். ஹாக்கி ஆடுகிறவர்கள் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிய பிறகு, அவரவர்க்கு என்று இடங்கள் இருந்தன. ஆண்கள் கேலரிப் படிக்கட்டில். காலேஜ் பையன்கள் கோல் கம்பத்தைச் சுற்றி. பெண்கள் மதிலை ஒட்டி வரிசையாக, முந்தானையால் விசிறிக்கொண்டு. யாரும் யாருக்கும் ஒதுக்கிக் கொடுத்ததில்லை. ஆனாலும் ஒருவர் இடத்தில் ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அத்தை முதல் நாளே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக நடந்து மைதானத்தின் நடுமத்திக்குப் போனாள். கம்பளியை உதறி விரித்தாள். உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். மதிலோரத்தில் பேச்சு நின்றுபோனது எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் குழாயடியில் அம்மா அவளிடம் கேட்டாள். “நடு மைதானத்துல போயி உக்காந்திருக்கியே, ஊரே பாக்காதா?”

அத்தை குடத்தை இடுப்பில் ஏற்றியபடியே சொன்னாள். “பாக்கட்டுமே மதினி. ஊரு பாக்குத எடத்துல எவன் என்ன செஞ்சிருவான்? மதிலோரம் உக்காந்தா மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன கெடக்குன்னு நமக்குத் தெரியாதுல்லா.”

“அந்தப் பக்கம் எட்மாஸ்டர் வீடு கெடக்கு.”

“அவரு எப்படின்னு யாரு கண்டா?”

குழாயடியே சிரித்தது. அம்மாவும் சிரித்துவிட்டாள். பிறகு, சிரித்ததற்காகவே அத்தை மீது கோபப்பட்டாள் என்று நினைக்கிறேன். அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்கள் சத்தமாக விழுந்தன.

எப்படியோ நான் அந்தக் கம்பளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆசை, அதுதான் தொடக்கம். அம்மா தடுக்கவில்லை. மதிலோரத்தில் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கம்பளியின் வாசனையை நான் எங்கே போய்ச் சொல்வேன். நனைந்த ஆடும் புகையும் புளித்த பாலும் சேர்ந்த வாசனை. தொடையில் குத்தும். பகலெல்லாம் காய்ந்த தரையின் சூடு அதன் வழியாக மெல்ல ஏறி வரும். காற்று திரும்பும்போது தீப்பெட்டி ஆபீஸ் பக்கமிருந்து மருந்து நெடி வந்து போகும். அத்தை அவித்த தட்டப்பயறை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு வாய், பிள்ளைக்கு நசுக்கி ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று கொடுப்பாள். நாலு பக்கமும் வீடுகள் இருட்டாக நிற்க, எங்களுக்கு மேலே வானம் மட்டும் வெளுத்துக் கிடக்கும்.

பிள்ளை தவழ்ந்து போகும். அவள் எழுந்து போய்ப் பிடிக்க மாட்டாள். தூரம் கூடிவிட்டது என்று தோன்றினால் நாக்கை மேலண்ணத்தில் மடக்கி ஒரு சத்தம் கொடுப்பாள், ஆட்டைத் திருப்புகிற சத்தம். பிள்ளை நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு வரும். மதிலோரத்துப் பெண்களுக்கு இது பெரிய வேடிக்கை. என் வகுப்புப் பையன்கள் எனக்கு ஒரு கேலி கண்டுபிடித்தார்கள். ஆட்டை அடைத்துப் போடுகிற இடத்துக்குக் கிடை என்று பெயர். “ஏட்டி, இன்னைக்கும் கெடைக்குத்தான் போறியா?” என்று கத்துவார்கள். நான் ஆமாம் என்பேன். அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே வீம்பு அதுதான்.

ஒருநாள் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே, அவனிடம் பேசுவது போல அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். குட்டி வழி தவறினால் நிழலைப் பார்த்து முள்ளு அடர்ந்த உடைமரத்தடிக்குப் போகும். நரியும் அதே உடைமரத்தடியில்தான் படுத்திருக்கும். கரிசல் காட்டின் நடுவில் வெயிலில் நின்று கத்துகிற குட்டி இருக்கிறதே, அது எப்படியும் வீட்டுக்கு வந்துவிடும். பிள்ளை கொட்டாவி விட்டது. கேட்டுக்கொண்டிருந்தது நான்.

கோடை முடிகிற சமயத்தில் ஒரு முகூர்த்த நாள் வந்தது. விளாத்திகுளத்தில் அம்மாவுக்குச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அத்தைக்கும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. விளாத்திகுளம் வரை ஒரே பஸ், சேர்ந்தே கிளம்பினோம். பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. பட்டுச்சேலைகள், தாம்பாளங்கள், தலைக்கு மேலே பழக்கூடைகள். பஸ் உள்ளே நுழையும்போதே ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டால்தான் சீட்டு. அத்தை பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையில் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தபடி பின்னால் ஓடினாள். எதிரே ஒரு கூட்டம் இறங்கியது. எப்படி என்று தெரியவில்லை. மணிக்கட்டும் நழுவும்.

என்னைச் சுற்றி இடுப்புகளாக இருந்தன. அம்மா சொன்ன கடைகள் கூட்டத்துக்கு அந்தப் பக்கம். அவற்றின் பந்தலுக்குக் கீழே இருட்டாக இருந்தது. யார் யாரோ நின்றார்கள். எனக்கு அது உடைமரத்தடியாகத் தெரிந்தது. நிலையத்தின் நடுவில் உயரமான விளக்குக் கம்பம் ஒன்றும், அதன் அடியில் பஸ்கள் சுற்றிப் போவதற்காகக் கட்டிய வட்டமான சிமெண்ட் மேடையும் இருந்தன. மேடையில் ஆள் இல்லை. நான் போய் அதில் ஏறி நின்றுகொண்டேன்.

அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. அம்மாவும் தெரிந்தாள். கடை வாசல்களை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கடைக்குள்ளும் தலையை நீட்டிக் கேட்டாள். நான் கூப்பிட்டேன். ஹாரன் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையை ஆட்டினேன். ஒருமுறை அவள் முகம் என் பக்கம் திரும்பியது. திரும்பிய முகம் அப்படியே தாண்டிப் போய்விட்டது. மறுபடியும் ஓரமாக ஓடினாள். அவள் சேலைத் தலைப்பு தரையில் இழுபட்டது. நான் இறங்கிப் போயிருக்கலாம். இறங்கினால் யாருக்கும் தெரிய மாட்டேன் என்று பயம். அழுதுகொண்டே நின்றேன்.

சீட்டுப் பிடித்து உட்கார்ந்திருந்த அத்தை, எங்களைக் காணாமல் பஸ் படிக்கு வந்தாள். படியில் நின்றபடியே ஒரு சுற்றுப் பார்த்தாள். நேராக என்னிடம் வந்தாள். அவ்வளவுதான் நடந்தது. பிள்ளை இருந்த கையிலேயே என்னையும் சேர்த்து அணைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

அம்மா வந்ததும் என் முதுகில் ஒரு அடி விழுந்தது. பிறகு என்னை இறுக்கிக்கொண்டாள். பிறகு அத்தையைப் பார்த்துச் சொன்னாள். “எம்புள்ளைய ஆட்டுக்குட்டின்னு நெனச்சியா? நடுரோட்டுல நிக்கப் பழக்கி வச்சிருக்க.”

“நின்னதுனாலதான மதினி கெடச்சா” என்றாள் அத்தை. சண்டையாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

பஸ்ஸில் அத்தை பிடித்து வைத்திருந்த சீட்டில் அம்மா உட்காரவில்லை. விளாத்திகுளம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா அத்தையிடம் சரியாகப் பேசவில்லை. சொந்தக்காரர்கள் குடிவரப் போவதாகச் சொல்லிப் பின்கட்டைக் காலி செய்யச் சொன்னாள். அவள் மேல் என்ன தப்பு என்று அப்பா ஒரு தடவை கேட்டார். அம்மா அடுப்படிக்குள் போய்விடவே, சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். எந்தச் சொந்தக்காரரும் குடிவரவில்லை. பின்கட்டில் வெகுநாள் விறகுதான் கிடந்தது.

அவர்கள் தூத்துக்குடி உப்பளத்து வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள். கிளம்பிய அன்று அத்தை என் கன்னத்தை வழித்து, “ஏட்டி, போயிட்டு வாரேன்” என்றாள். அம்மா உள்ளேயே இருந்தாள். வண்டி நகரும்போது பிள்ளை எங்கேயோ பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைத் திருப்ப அத்தை நாக்கால் அந்தச் சத்தத்தைக் கொடுத்தாள். வீட்டுக்குள் போகத் திரும்பியிருந்த நானும் சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள். அதுதான் கடைசியாகப் பார்த்த முகம்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவோடு மதிலோரத்தில் உட்கார்ந்தேன். செங்கல் முதுகில் சுட்டது. மைதானத்தின் நடுவில் கம்பளி அளவுக்கு ஒரு இடம் மட்டும் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. யாரும் அங்கே போய் உட்காரவில்லை.

உப்பளமும் வெட்டவெளிதான் என்பார்கள். அங்கே அவளுக்குப் பிடித்திருக்குமா? அவள் பையனுக்கு இப்போது முப்பது வயதை ஒட்டி இருக்கும். நான் படிக்கப் போன ஊர்களிலும் வேலை பார்த்த ஊர்களிலும், பூங்காவோ கடற்கரையோ ரயில் நிலையமோ, முதலில் நடு இடத்தைத்தான் பார்ப்பேன். யாராவது காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்களா என்று. பார்த்துவிட்டு, போய் ஓரத்தில் உட்காருவேன். இரண்டும் நான்தான்.

நான் திரும்பி வந்து குடியிருக்கிற எங்கள் ஊரில் இப்போது ஒரு பூங்கா இருக்கிறது. சாயங்காலம் அம்மாவையும் மகளையும் கூட்டிப் போவேன். மதிலை ஒட்டிய பெஞ்சுகள்தான் முதலில் நிறையும். வியாபாரக் குடும்பத்துப் பெண்கள் வாசல் பக்கம் நின்றபடியே பேசி முடித்துவிட்டுப் போவார்கள். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், யாரோ வீட்டுக்குள் நுழைவது போலச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் புல்லில் உட்காருவார்கள். சென்னையிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். ஒரே பூங்காதான்.

போன மாதம் ஒருநாள் மகள் புல்வெளியின் நடுவுக்கு ஓடிவிட்டாள். அவளை ஓரமாக வரச் சொல்லும்படி அம்மா சொன்னாள். ரயில் பயணத்தைப் பற்றி, அவளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்பதைப் பற்றித்தான் அதுவரை பேசிக்கொண்டிருந்தோம். நான் எழுந்திருக்கவில்லை. அம்மா பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நான் ஒன்னயப் பாத்தேன்” என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை.

“வெளக்குக் கம்பத்தடியில ஒரு புள்ள நின்னுச்சு. ரெண்டு மட்டம் பாத்தேன். கேக்க நாதியில்லாத புள்ள போல, பாவம்னு நெனச்சிக்கிட்டே ஓடுனேன். எம்புள்ள அங்கன நிக்காதுல்லா.”

“நீ தச்ச பாவாடைதானம்மா போட்டிருந்தேன்.”

“பாவாடையும் தெரிஞ்சிது. நம்ம புள்ளைக்குத் தச்ச மாதிரியே இருக்கேன்னு நெனச்சேன்.”

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை. “அவ படியில நின்னே கண்டுட்டா. பெத்தவ எனக்குத் தெரியல. தெனமும் அவ மொகத்துல எப்படி முழிக்கது?”

அத்தை ஏதோ தவறு செய்துவிட்டதாகத்தான் அம்மா அவளை அனுப்பினாள் என்று இத்தனை காலம் நான் நினைத்திருந்தேன். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்கலாம். கேட்டு என்ன ஆகும். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மெலிந்திருந்தது.

அன்றிலிருந்து மகளுக்கு என்ன சொல்வது என்று யோசிப்பதை விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். விடவில்லை. பயணம் கிளம்பிய அன்று நாங்கள் மூவரும் எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் பைகளை வைத்துவிட்டு உட்கார்ந்தபோது, சுவரோரமா, நடுவிலா என்று இரண்டு விடைகளும் என் வாயில் முட்டிக்கொண்டு நின்றன. கடைசியில் அவளிடமே கேட்டேன்.

“அம்மாவக் காணோம்னா நீ எங்கட்டி நிப்ப?”

அவள் அவசரப்படவில்லை. பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி மேலே காட்டினாள். “அந்த ஃபேனுக்குக் கீழ.”

“ஏன் அங்கன?”

“அதுதான் சத்தம் போடுது. நீயும் கேட்டு வந்துருவ.”

சின்ன வயதிலிருந்து நான் வந்துபோகிற நிலையம் அது. கூரையில் ஃபேன் இருப்பதையே நான் பார்த்ததில்லை. தண்டு வளைந்த பழைய ஃபேன் ஒன்று தடக் தடக் என்று ஆடிச் சுற்றிக்கொண்டிருந்தது. மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, நடந்து போய் அதன் கீழே நின்றேன். நிமிர்ந்து அது போடுகிற சத்தத்தைக் கேட்டேன். பிறகு, அங்கே நிற்கிறவள் கண்ணுக்கு என்ன தெரியும் என்று நாலு பக்கமும் பார்த்தேன்.